மரம் வாங்கும் முன் மின்விசிறியைப் பாருங்கள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களுடையது சிறிய அடுக்குமாடி வீடு. போன டிசம்பரில் 7 அடி செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை ஆசையோடு தூக்கிவந்து, அன்றிரவே அதன் உச்சி நட்சத்திரத்தை மின்விசிறிக்குப் பலி கொடுத்தேன். முதன்முறை வாங்குகிறவர்களாவது தப்பிக்கட்டும்.

1. தரையை அளந்துகொள்ளுங்கள்

கடையில் எல்லாரும் உயரத்தைத்தான் கேட்பார்கள். நானும் கேட்டேன். கூரை 9 அடி, மரம் 7 அடி, தாராளம் என்று கணக்குப் போட்டேன். அடிக்கிளைகளின் விரிவோ பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது: 137 சென்டிமீட்டர், அதாவது நாலரை அடி. சோபாவுக்கும் தொலைக்காட்சி மேசைக்கும் இடையே இருந்த மூலை மூன்றரை அடிதான். மரம் அங்கே நுழையாததால் கூடத்தின் நடுவுக்கு இழுத்தேன். நடுவில் மின்விசிறி. அது கூரையிலிருந்து ஒன்றேகால் அடி தொங்குகிறது. நட்சத்திரம் 10 அங்குலம். மீதியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பழைய செய்தித்தாள்களை ஒட்டி, மரத்தின் விரிவுக்கு வட்டமாக வெட்டித் தரையில் போடுங்கள். ஒரு நாள் முழுக்க அதை மிதிக்காமல் நடமாட முடிகிறதா என்று பாருங்கள். திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூட்டம் சேரும் வீடென்றால் வட்டத்தை இன்னும் சுருக்குங்கள். இப்போது என்னிடம் இருப்பது 6 அடி உயரம், இரண்டரை அடி விரிவு கொண்ட ஒல்லி மரம். பழையது பட்டர்வொர்த்தில் அக்காவின் தரை வீட்டில் ராஜாவாக நிற்கிறது.

மரத்தடியில் இயேசு பிறப்புக் குடில் வைப்பவர்கள் அடிக்கிளை எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். பழைய மரத்தின் கீழே தொழுவத்துக்கே இடம் போதவில்லை. மூன்று ராஜாக்களும் சோபாவுக்கு அடியில் காத்திருந்தார்கள்.

2. இலையைத் தொட்டுப் பாருங்கள்

பிவிசி பிளாஸ்டிக் தாளை நறுக்கி முறுக்கிய இலை மலிவு. அச்சில் வார்த்த பாலிஎத்திலீன் இலை அசலைப் போலிருக்கும். விலையும் எடையும் கூடுதல். வெளியே வார்த்தது, உள்ளே நறுக்கியது என்று இரண்டும் கலந்த மரமே வீட்டுக்குப் போதும். பெட்டியில் போட்டிருக்கும் கிளை நுனிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே உயரமும் ஒரே விரிவும் உள்ள மரங்களை ஒப்பிடத்தான் அது உதவும்.

3. கிளையும் காலும்

கீல் வைத்த கிளைகளே நல்லவை. ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டும் மரத்துக்கு அரை நாள் போய்விடும். மரத்தைத் தாங்கும் கால் பிளாஸ்டிக் என்றால் தொடவே வேண்டாம். இரும்புக் கால் வாங்கி, நுனிகளில் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தரை துடைக்கும் ஈரத்தில் துருக்கறை தரை ஓட்டில் பதிந்துவிடும்.

4. விளக்கைத் தனியாக வாங்குங்கள்

மரத்தோடு பின்னிய விளக்குச் சரம் பழுதானால் பிரித்தெடுப்பதற்குள் பொறுமை போய்விடும். மூன்று முள் பிளக், சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை, எல்இடி: இந்த மூன்றும் இருந்தால் போதும்.

மரத்தை நிறுத்தியதும் கையுறை போட்டுக்கொண்டு, அடியிலிருந்து மேலாக, தண்டின் பக்கமிருந்து வெளியே ஒவ்வொரு நுனியையும் வளைத்து விரியுங்கள். ஒரு மணி நேரமாவது பிடிக்கும். இதை அவசரமாகச் செய்தால் விலை உயர்ந்த மரமும் போத்தல் கழுவும் பிரஷ் போலத்தான் நிற்கும்.

பின்சேர்க்கை: பனி தூவிய வெள்ளை மரம் வாங்கலாமா என்று தோழி கேட்டாள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பனி மஞ்சளாகிறது, உதிரவும் செய்கிறது. பச்சையே போதும் என்றேன். ஜனவரியில் மரத்தைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, ஜிப் வைத்த பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். அட்டைப்பெட்டியில் வைத்தால் கரப்பான்கள் குடியேறிவிடும்.