காய்க்கு வெயில் வேண்டுமென்று இலையை உருவாதீர்கள்

கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி, மிளகாய், தக்காளிப் பிஞ்சு, பாகல் தண்டு எல்லாவற்றிலும் பச்சையம் உண்டு. இவையும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. காய் சுவாசிக்கும்போது உள்ளேயே சேரும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியை மீண்டும் பிடித்துச் சர்க்கரையாக்குகின்றன. நல்ல சேமிப்புதான். ஆனாலும் காயை வளர்ப்பதில் பெரும்பங்கு இலைக்கே.

சென்னையின் மே வெயிலில் இலை மறைவு இல்லாத தக்காளியின் மேற்குப் பக்கத் தோல் வெளுத்து, காகிதம்போல் சுருங்கும். பிறகு அந்த இடத்தில் பூஞ்சை ஏறும். ஆகவே மண்ணைத் தொடுகிற, மஞ்சளான அடியிலைகளை மட்டும் கிள்ளுங்கள், ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். மொட்டைமாடி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை மேகம் சூழும்போது அந்த வலை இருக்கவே கூடாது.