இடியன் துவக்கும் முதல் முயலும்

எனக்கு 16 வயதில் மாமா இடியன் துவக்கு, அதாவது குழல்வாயால் வெடிமருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கி, பழக்கினார்; அனுமதிப்பத்திரம் அவருடையது. முதலில், வெறுங்குழலுக்குள் மருந்து இடிக்கும் கம்பை விட்டு, குழல்வாய் மட்டத்தில் கம்பில் கத்தியால் கீறிவையுங்கள். பிறகெப்போதும் கீறல் மேலே தெரிந்தால் உள்ளே மருந்து கிடக்கிறது. சிலர் வாய் வைத்து ஊதிப் பார்ப்பார்கள், மடையர்கள்!

நிரப்பும் வரிசை: மருந்து, தும்பு (அடைக்கும் நார்), சன்னம் (சிறு குண்டுகள்), மறுபடி தும்பு. தும்பு தளர்ந்தால் குழலைச் சரிக்கும்போது சன்னம் உருண்டுவிடும். அடிபட்டதும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப்பைக் கடைசியாக, வேட்டையிடத்தில்தான் வையுங்கள்.

இலங்கையின் பளைப் பக்கம் இளம்பனை வடலிக்குள் என் முயல் 20 அடியில் காதை நிமிர்த்தி நின்றது. துவக்கின் குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) விழுந்தது, 'டிக்'. பனியில் கேப்பு நனைந்திருந்தது. துவக்கைத் திருப்பப் போன என் கையை மாமா இறுக்கிப் பிடித்தார். வெடிக்காத துவக்கை ஒரு நிமிடமாவது ஆளில்லாத பக்கமே நீட்டிவைத்திருங்கள். அன்றிரவு எங்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்புதான்.