பங்கு தெரிந்தால் பணம் தெரிந்துவிடுமா?

கமலா, விமலா, நிர்மலா மூவரும் ஒரு தொகையைப் பகிர்ந்துகொண்டார்கள். கமலாவுக்கு எத்தனை ரூபாய் கிடைத்தது? இதைக் கண்டுபிடிக்கக் கீழே உள்ள கூற்றுகள் தனித்தனியாகவோ சேர்ந்தோ போதுமா என்று சொல்ல வேண்டும்.

கூற்று 1: மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கமலாவுக்குக் கிடைத்தது.
கூற்று 2: விமலாவும் நிர்மலாவும் சேர்ந்து பெற்றதில் பாதி கமலாவுக்குக் கிடைத்தது.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பலரும் சொல்லும் விடை ஒன்றுதான்: ‘தனித்தனியாகப் போதாது, இரண்டையும் சேர்த்தால் போதும்.’ நானும் முதல்முறை அப்படித்தான் குறித்தேன். அது தவறு. கமலாவிடம் ஒரு பங்கு, மற்ற இருவரிடமும் சேர்த்து இரண்டு பங்கு என்றால், மொத்தம் மூன்று பங்கு. ஆகவே இரண்டாம் கூற்று சொல்வதும் மூன்றில் ஒரு பங்கைத்தான். ஒரே செய்தி சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை வந்து நிற்கிறது. மொத்தம் 300 ரூபாயாக இருந்தால் கமலாவுக்கு 100. 9,000 ரூபாயாக இருந்தால் 3,000. இரண்டு நிலையிலும் இரண்டு கூற்றுகளும் உண்மையாகவே இருக்கின்றன. சேர்த்தாலும் போதாது என்பதே விடை.

டேட்டா சஃபிஷியன்சி எனப்படும் இந்த வகைக் கேள்விகள் வங்கித் தேர்வுகளிலும் யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் சிசாட் தாளிலும் மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட்டிலும் வருகின்றன. விடையைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. கண்டுபிடிக்கத் தேவையான தரவு கையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். பள்ளியில் பத்தாண்டுகளாகக் கணக்கைப் போட்டு முடித்தே பழகிய கைக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. நான் பார்த்தவரை, இதில் மதிப்பெண் போவது கூட்டல் கழித்தல் பிழையால் அல்ல, அந்தப் பழக்கத்தால்தான்.

மேலே சொன்ன கணக்கில் வழுக்கிவிட்டது எது? ‘இரண்டு கூற்று, எனவே இரண்டு சமன்பாடு, எனவே விடை வரும்’ என்ற எண்ணம். சமன்பாடுகளின் எண்ணிக்கையை எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. ஒன்றைப் பெருக்கியோ மாற்றி எழுதியோ மற்றதைக் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதே கணக்கில் கூற்று 2-ஐ மட்டும் ‘விமலாவும் நிர்மலாவும் சேர்ந்து 1,200 ரூபாய் பெற்றார்கள்’ என்று மாற்றுங்கள். மூன்றில் இரண்டு பங்கு 1,200 என்றால் கமலாவுக்கு 600. விமலாவுக்கு எவ்வளவு, நிர்மலாவுக்கு எவ்வளவு என்று கடைசிவரை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, கேட்டது கமலாவைப் பற்றித்தான். தெரியாத எண் மூன்று, கூற்று இரண்டு, எனவே போதாது என்று முடிவு கட்டுபவர்கள் இந்த இடத்தில் விழுகிறார்கள்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு’, ‘மீதியில் மூன்றில் ஒரு பங்கு’ என்று நாம் சொல்லும்போது ‘இல்’ இரண்டு தரம் வருகிறது. கண் இரண்டாவது ‘இல்’லைப் பிடித்துக்கொண்டு 1/3 என்று எழுதிவிடுகிறது, எதில் என்று சொல்லும் முதல் ‘இல்’ நழுவிப் போகிறது. ஒருவர் தன் பணத்தில் கால் பங்கை மகளுக்கும், மீதியில் மூன்றில் ஒரு பங்கை மகனுக்கும் கொடுத்தால், இருவருக்கும் கிடைப்பது சமம்தான்: முக்காலில் மூன்றில் ஒன்று என்பதும் கால்தான். இரண்டையும் மொத்தத்தின் பங்காக எடுத்துக்கொண்டால் மகனுக்கு அதிகம் என்று வரும். ‘மகனுக்குக் கிடைத்தது மகளுக்குக் கிடைத்ததைவிட அதிகமா?’ என்பது கேள்வியானால், இந்த இடறலிலேயே எண்ணம் முழுவதும் தலைகீழாகிவிடும். பின்னத்தை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் ‘எதில்’ என்பதையும் ஒரு சொல்லாக எழுதி வைப்பது என் வழக்கம். நேரம் வீணாகிறதே என்று நண்பர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்.

மேலே உள்ள கேள்வியிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே ஒரு ரூபாய்கூடக் குறிப்பிடப்படவில்லை. ஆனாலும் ‘அதிகமில்லை, சமம்’ என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். கேள்வி தொகையைக் கேட்டால் எங்காவது ஒரு ரூபாய்க் கணக்கு வந்தாக வேண்டும். விகிதத்தையோ, யாருக்கு அதிகம் என்பதையோ கேட்டால் பின்னமே போதுமானதாக இருக்கலாம். ‘ரூபாயே இல்லையே, எப்படிப் போதும்?’ என்று தள்ளிவிடுவது அவசரம். அதேபோல், ‘இல்லை’ என்ற பதிலும் முழுமையான பதில்தான். தம்பியின் பங்கு 500 ரூபாயைத் தாண்டுமா என்று கேட்டு, ‘மொத்தம் 1,200 ரூபாய், தம்பிக்குக் கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு’ என்று ஒரு கூற்று சொன்னால், அது போதும். தொகை எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் 400-ஐ எட்டவில்லை என்பது உறுதி. ‘தாண்டாது’ என்று வந்ததால் போதாது என்று குறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கூற்றும் தனியாகப் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதால், முதல் கூற்றைப் படித்துவிட்டு இரண்டாவதற்குப் போகும்போது முதலாவதை மறந்துவிட வேண்டும். சொல்ல எளிது, செய்யக் கடினம். தாளில் இரண்டு கூற்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி, முதலாவதைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாவதைப் படிப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் உதவுகிறது.

கொடுக்கல் வாங்கல் வரும் கணக்குகளில் வேறு ஒரு கோணல். அண்ணனிடம் எவ்வளவு இருக்கிறது என்பது கேள்வி. கூற்று 1: அண்ணன் தன் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தம்பிக்குக் கொடுத்தால் இருவரிடமும் சமமாக இருக்கும். கூற்று 2: அண்ணன் 200 ரூபாயைத் தம்பிக்குக் கொடுத்தால் இருவரிடமும் சமமாக இருக்கும். முதலாவது விகிதத்தைத் தருகிறது, 5-க்கு 3. இரண்டாவது வித்தியாசத்தைத் தருகிறது. அது 200 அல்ல, 400, ஏனென்றால் ஒருவரிடம் குறைவதே மற்றவரிடம் கூடுகிறது. சேர்த்தால் அண்ணனிடம் 1,000, தம்பியிடம் 600. உண்மையில் இவ்வளவுகூடத் தேவையில்லை. சமமாக்கக் கொடுக்க வேண்டிய தொகை ஒன்றே ஒன்றுதான். எனவே அந்த ஐந்தில் ஒரு பங்கும் இந்த 200-ம் ஒன்றே. அதற்கு மேல் பேனாவை எடுக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பொறி நோட்டுக் கணக்கு. ஒரு பையில் 20 ரூபாய், 50 ரூபாய் நோட்டுகள் மட்டுமே இருக்கின்றன. 50 ரூபாய் நோட்டு எத்தனை? மொத்தம் 170 ரூபாய் என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது: 50 ரூபாய் நோட்டு ஒன்றும் 20 ரூபாய் நோட்டு ஆறுமாக இருக்கலாம், அல்லது மூன்றும் ஒன்றுமாக இருக்கலாம். மொத்தம் 130 ரூபாய் என்றால்? ஒரு 50, நான்கு 20. வேறு வழியே இல்லை. தெரியாத எண் இரண்டு, சமன்பாடு ஒன்று, ஆனாலும் போதும். நோட்டைக் கிழித்துப் பாதியாகத் தர முடியாது என்பது யாரும் எழுதாத மூன்றாவது கூற்று. நோட்டு, நாணயம், ஆட்கள் என்று எண்ணக்கூடிய பொருள் வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். ரூபாயில் சொன்ன தொகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பைசா உண்டு.

எந்தக் கூற்றானாலும் அதை உடைக்கப் பார்ப்பதுதான் நல்ல சோதனை. அதற்குப் பொருந்தும்படி இரண்டு வெவ்வேறு குடும்பங்களைக் கற்பனை செய்யுங்கள். இரண்டுக்கும் கேள்வியின் விடை வேறாக வந்தால் கூற்று போதாது, அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் பத்து எண்களைப் போட்டு ஒரே விடை வந்தாலும் அது போதும் என்பதற்கு நிரூபணம் ஆகாது. அங்கே காரணம் வேண்டும். 1, 2, 3 என்று அழகான எண்களையே போட்டுப் பார்ப்பவர்களிடம் பல கூற்றுகள் உடையாமலே தப்பித்துவிடும்.

கடைசியாக, கணக்கோடு சம்பந்தமே இல்லாத ஒரு தவறு. ஜிமேட்டில் மூன்றாம் விடை ‘சேர்த்தால் போதும்’, நான்காவது ‘ஒவ்வொன்றும் தனியாகவே போதும்’. நம் வங்கித் தேர்வுகளில் வழக்கமாக ‘ஏதேனும் ஒன்று தனியாகவே போதும்’ மூன்றாவதாகவும், ‘இரண்டும் சேர்ந்தால்தான் போதும்’ ஐந்தாவதாகவும் வரும். இணையத்தில் ஜிமேட் கணக்குகளைப் போட்டுப் பழகி, வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வறைக்குப் போனால், சரியாக யோசித்தும் தவறான வட்டத்தைத் தொடுவீர்கள். வங்கித் தேர்வில் தவறான விடைக்கு அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு கழிகிறது, சிசாட்டில் அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு. எதில் மூன்றில் ஒரு பங்கு என்பதை இங்கேயும் கவனித்திருப்பீர்கள்.