பெயர் ஒன்று, எண் வேறு: பொதுப் பார்ட்டிஷனில் அனுமதிச் சிக்கல்

என் கணினியில் உபுண்டு, ஃபெடோரா என்ற இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களும் உண்டு. கோப்புகளுக்கென்று இரண்டுக்கும் பொதுவாக, லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஒரு பார்ட்டிஷன் (வட்டின் தனிப் பகுதி). உபுண்டுவில் எழுதியதை ஃபெடோராவில் திருத்திச் சேமித்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று முகத்தில் அடித்தாற்போல் வரும். இத்தனைக்கும் இரண்டிலும் ஒரே பயனர் பெயர்.

முனையத்தில், உரிமையாளரை எண்ணாகக் காட்டும் 'எல்எஸ் -எல்என்' கட்டளையைக் கொடுத்ததும் குட்டு உடைந்தது. கோப்பின் உரிமையாளருடைய பயனர் எண் 1000. ஃபெடோராவில் நானோ 1001. வட்டில் பதிவாவது எண் மட்டுமே. பெயரை அந்தந்த இயங்குதளம் தன் பயனர் பட்டியலைப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. ஃபெடோராவின் 1000, முன்பே தொடங்கிய சோதனைக் கணக்கிடம் இருந்தது.

எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 வைத்தியத்தைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை: கதவு எல்லோருக்கும் திறந்துகொள்ளும், புதிய கோப்போ பழையபடி முரண்டு பிடிக்கும்.

சோதனைக் கணக்கை நீக்கினேன். என் கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறி, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) நுழைந்து, பயனர் எண்ணையும் குழு எண்ணையும் மாற்றும் 'யூசர்மாட் -யு 1000', 'குரூப்மாட் -ஜி 1000' இரண்டையும் என் பெயருக்கு இயக்கினேன். ஹோம் கோப்புறையிலும் பொதுப் பார்ட்டிஷனிலும் 1001 என்று மிச்சமிருந்தவற்றை, உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன் -ஆர்' கட்டளை சரிசெய்தது.

விண்டோஸுடன் பகிரும், அதன் என்டிஎஃப்எஸ் வடிவிலான பார்ட்டிஷன் என்றால் வழி வேறு. அங்கே பெரும்பாலும் எஃப்எஸ்டேப் (எந்தப் பார்ட்டிஷனை எப்படி இணைப்பது என்று சொல்லும் கோப்பு) வரியில் 'யுஐடி=1000' என்று மவுன்ட் செய்யும்போதே (இணைக்கும்போதே) உரிமையாளரைச் சொல்லிவிட வேண்டும்.