வேலூரிலிருந்து லண்டன்: தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடலாம்

வேலூரிலிருந்து நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் லண்டன் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். "பத்தரை மணி நேரம்தானே" என்று டிக்கெட்டைப் பார்த்துச் சொல்வார்கள். அது மீனம்பாக்கத்திலிருந்து ஹீத்ரூ வரைக்குமான கணக்கு. நமக்கு வேண்டியது வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் வீட்டு வாசலிலிருந்து கணக்கு.

படி 1: வான்வழி தூரம்

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை, குறுக்கு வழி வளைவாகத்தான் போகும். கூகுள் எர்த்தில் அளவுகோலை எடுத்து இரண்டு இடத்தையும் தொட்டாலே தூரம் வந்துவிடும். கையால் போட்டுப் பார்க்க ஆசை என்றால், போன் கால்குலேட்டரை டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை: அட்சம் 13 வடக்கு, தீர்க்கம் 80.2 கிழக்கு. ஹீத்ரூ: 51.5 வடக்கு, 0.5 மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கங்களைக் கூட்ட வேண்டும்: 80.7.

சைன் 13 × சைன் 51.5 = 0.176
காஸ் 13 × காஸ் 51.5 × காஸ் 80.7 = 0.098

கூட்டினால் 0.274. இதற்குத் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) போட்டால் சுமார் 74 டிகிரி. டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் ஏறக்குறைய 8,200 கி.மீ.

படி 2: பறக்கும் நேரம்

ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. வரை போகும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு நகர்வது எல்லாம் சேர்த்து 850 என்று வகுத்தால் ஒன்பதே முக்கால் மணி நேரம் வருகிறது. ஆனால் மேற்கே போகும்போது எதிர்க்காற்று. சில நாடுகளின் வான்வெளியைச் சுற்றியும் போக வேண்டியிருக்கும். அதனால் பத்தரை, பதினொன்று.

துபாயில் மாறிப் போனால் தூரம் 200 கி.மீ. சொச்சம்தான் கூடும். காத்திருக்கும் நேரம்தான் அடி. கொழும்பு வழி என்றால் 9,400 கி.மீ. ஆகிவிடும், எதிர்த்திசையில் போய்த் திரும்புகிறோமே!

படி 3: கடிகார வித்தியாசம்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 5.30க்குக் கிளம்பி 11.30க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் ஆறு மணி நேரப் பயணம் இல்லை. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி பின்னால், ஆகவே பத்தரை மணி நேரம். குளிர்காலத்தில் ஐந்தரையைக் கூட்டுங்கள்.

படி 4: வேலூர்க் கணக்கு

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பின்னாலிருந்து எண்ணுங்கள். விமானம் காலை 5.30. மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும் என்றால் 2.30. வேலூரிலிருந்து 130 கி.மீ. சொச்சம், ஸ்ரீபெரும்புதூர் லாரி நெரிசலையும் சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். கைக்காவலாக அரை மணி. ஆக, இரவு 11க்கு வண்டி ஏற வேண்டும். டிக்கெட்டில் 15ஆம் தேதி என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது 14ஆம் தேதி ராத்திரி! தேதியை வட்டமிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் நேராக விமான நிலையம் போவது மலிவு. பகல் விமானத்துக்கு அருமையான வழி. விடியற்காலை விமானத்துக்கு உதவாது, நடுராத்திரியில் மெட்ரோ ஓடாது.

இப்போது மொத்தமாகக் கூட்டுங்கள்: இரவு 11லிருந்து 5.30 வரை ஆறரை, பறப்பது பத்தரை, ஹீத்ரூவில் குடிவரவு வரிசைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை. பதினெட்டரை மணி நேரம்.

திரும்பி வரும்போது காற்று முதுகைத் தள்ளும், பறக்கும் நேரம் கொஞ்சம் குறையும். ஆனால் அதிகாலை 3 மணிக்கு வந்து இறங்கும் விமானம் என்றால், வேலூர் வண்டியை முன்னாடியே பேசி வைத்துவிடுங்கள்.