அட்டைப்பெட்டியில் போட்டோ பிரேம்: எங்கே சொதப்புகிறது?

வீட்டுக்கு வந்து சேரும் பார்சல் அட்டைப்பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை, கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை. ஒரு போட்டோ பிரேம் செய்ய இவையே தாராளம். ஆனால் இப்படிச் செய்யும் பிரேம் அலங்காரத்தில் கெடுவது குறைவு. பின்பக்கத்தில்தான் கெடும். அட்டை வளையும், ஸ்டாண்ட் சரியும், போட்டோ உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தப் பக்கத்தை அவசரமாக முடித்துவிடுகிறோம்.

அளவில் தொடங்குவோம். ஸ்டுடியோவில் சாதாரணமாகப் போட்டுத் தரும் பிரிண்ட் 4க்கு 6 அங்குலம். போட்டோ தெரிவதற்காக அட்டையில் வெட்டும் ஜன்னலையும் அச்சாக அதே அளவுக்கு வெட்டினால் போட்டோ முன்பக்கமாக நழுவி விழும். நாலு பக்கமும் கால் அங்குலம் அட்டைக்குள் மறைய வேண்டும், அதாவது ஜன்னல் மூன்றரைக்கு ஐந்தரை. வெட்டும் முன் போட்டோவை ஒருமுறை பாருங்கள். குரூப் போட்டோ என்றால் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் பாதி முகம் அந்தக் கால் அங்குலத்தில் போய்விடலாம். அப்போது 3 மில்லிமீட்டர் மறைந்தால் போதும். கத்தரிக்கோல் அட்டையை நசுக்கிவிடும். புது பிளேடு போட்ட கட்டரும் இரும்பு ஸ்கேலும் வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டாமல் மெதுவாக மூன்று நான்கு முறை ஓட்டுங்கள்.

அட்டையின் ஓரத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு தாள் அலை அலையாக ஓடுவது தெரியும். அந்த அலையின் மேடுபள்ளம் ஓடும் வரியோடு சேர்ந்து மடித்தால் அட்டை சட்டென மடியும். வரிக்குக் குறுக்கே மடிப்பது கஷ்டம். இதைக் கவனிக்காமல் வெட்டுவதால்தான் பல பிரேம்களின் கால் ஒரு வாரத்தில் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது. ஸ்டாண்டுக்கு வெட்டும் துண்டில் வரி மேலிருந்து கீழாக ஓட வேண்டும். பிரேமுக்கு இரண்டு அட்டை ஒட்டுவதாக இருந்தால் ஒன்றில் வரி நெடுக்கு, மற்றதில் குறுக்கு.

இனி பசை. இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. முன்பக்கம் ஒட்டிய தாள் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். தடவியது போதாதென்று மேலும் மேலும் தடவுவது அதைக் கூட்டும், வெயிலில் காய வைப்பது இன்னும் கூட்டும். பசையை மெல்லிசாகத் தடவுங்கள். பின்பக்கமும் அதே கனமுள்ள தாள் ஒன்றை ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நேராக நிற்கும். பிறகு கனமான புத்தகங்களின் அடியில் ஒரு நாள் முழுக்க இருக்கட்டும்.

மைதாப் பசை மலிவு, ஆனால் கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது சாப்பாடு. பைண்டிங் செய்பவர்கள் அதற்காகவே மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம். குழந்தைகளோடு உட்கார்ந்து செய்யும் வேலையில் அதைச் சேர்க்க வேண்டாம், மைதாவையே விட்டுவிடலாம்.

நொடியில் ஒட்டும் ஃபெவிக்விக் வகையைப் புடவைக் கரை ஒட்ட எடுக்கிறார்கள். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். பருத்தித் துணியில் நிறைய ஊற்றினால் சூடேறிக் கையையே சுடும். தெர்மகோலுக்கு ரப்பர் பசையோ ஸ்ப்ரே பெயின்ட்டோ பட்டால் அது கரைந்து குழி விழும். குளூ கன் பசை பிஸ்தா ஓடு, வளையல் துண்டுக்கு நல்லது. ஆனால் சாயங்கால வெயில் நேராக விழும் சுவரில் அது இளகும். பத்திரிகை அட்டை போன்ற வழவழப்பான பரப்பில் பசை சரியாக நிற்காது, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

உப்பு போட்ட பிஸ்தாவின் ஓட்டைக் கழுவாமல் ஒட்டினால் உப்பு ஈரத்தை இழுத்து, மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். துவரம்பருப்பு, அரிசி ஒட்டும் பிரேமைப் பற்றி என் அபிப்பிராயம்: வண்டுக்கும் எறும்புக்கும் விருந்து வைக்கிறோம், தவிர அது கழிவுப்பொருளும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு போட்டோவுக்கு நேர்வதுதான். தாத்தாவின் பழைய ஸ்டுடியோ போட்டோவை நேராகக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தால், ஈரப்பதத்தில் அதன் மேல்பூச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகம் உரிந்து வரும். செய்தித்தாளும் மட்டமான அட்டையும் அமிலம் கொண்டவை, தொட்டுக்கொண்டிருக்கும் போட்டோவையும் பழுப்பாக்கும். செலோடேப் சில வருஷத்தில் மஞ்சள் கறையை விட்டுப் போகும். எனவே ஒரிஜினலை ஸ்கேன் செய்து பிரிண்ட் போடுங்கள், பிரேமில் பிரிண்ட் இருக்கட்டும். அதையும் பசை போட்டு ஒட்டாதீர்கள். பின் அட்டையை மூன்று பக்கம் மட்டும் ஒட்டி மேல்பக்கம் திறந்து விட்டால், எப்போது வேண்டுமானாலும் போட்டோவை மாற்றலாம். கண்ணாடிக்கும் போட்டோவுக்கும் நடுவே நாலு ஓரமும் மெல்லிய அட்டைப் பட்டை ஒன்று.

உண்மையில் அட்டை பிரேமுக்குக் கண்ணாடியே தேவையில்லை. 3 மில்லிமீட்டர் கண்ணாடி ஏ4 அளவில் கிட்டத்தட்ட அரைக்கிலோ வரும், அட்டை ஸ்டாண்ட் அதைத் தாங்காது. ரெடிமேட் சட்டை வரும் பெட்டியின் ஒளிபுகும் மூடியை வெட்டி வைத்தாலே போதும்.

மாட்டுவதற்கு இரட்டைப்பக்க டேப்பை நம்ப வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் பூச்சோடு பெயர்ந்து வரும். அட்டையில் நேரடியாகத் துளை போட்டு நூல் கோத்தாலும் கிழியும். பின்னால் ஐஸ் குச்சி ஒன்றைக் குறுக்கே ஒட்டி, அதில் நூலைக் கட்டி ஆணியில் மாட்டுங்கள். பூஜையறையில் மட்டும் வேண்டாம். அட்டையும் ஜரிகையும் காய்ந்த பசையும் சேர்ந்த ஒன்றை விளக்குக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. அங்கே கடையில் வாங்கிய பிரேமே இருக்கட்டும்.