அகோஸ்டிக் கிதாரில் டேப்பிங்: தட்டுவது பாதி, சுண்டுவது மீதி

டேப்பிங் என்பது வலது கை விரலையும் கிதாரின் கழுத்துக்குக் கொண்டுவந்து, கம்பியைத் தட்டிச் சுரம் எழுப்புவது. எலெக்ட்ரிக் கிதாரில் லேசாகத் தொட்டாலே ஆம்ப்ளிஃபையர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அகோஸ்டிக்கில் அந்த வேலையும் விரலுடையதுதான். ஓசை போதவில்லை என்று ஓங்கி அடிப்பவர்களே அதிகம். அடித்தால் 'டக்' என்று மரச்சத்தம்தான் கூடும், சுரம் கூடாது.

முதலில் கிதாரைப் பாருங்கள். முதல் கம்பி (மிக மெல்லியது) 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் கம்பி செட் போட்டிருந்தால் 0.011-க்கு இறங்குவது நல்லது. 12-ஆம் ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேல் கம்பியின் உயரம் ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.5 மி.மீ. அளவில் இருந்தால் போதும். இதற்கும் கீழே இறக்கினால் பல கிதார்களில் கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும். தட்டும் விரலின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பயிற்சியை இரண்டாம் கம்பியில் தொடங்குங்கள். மூன்றாம் கம்பி பெரும்பாலான அகோஸ்டிக் செட்களில் மேலே உலோக இழை சுற்றிய சுற்றுக்கம்பி; சுண்டும்போது கீச்சிடும். இடது ஆள்காட்டி விரல் 5-ஆம் ஃபிரெட்டை அழுத்தியபடியே இருக்கட்டும், இடது சுண்டுவிரல் 8-க்கு மேல் காத்திருக்கட்டும். வலது கையின் நடுவிரலால் 12-ஆம் ஃபிரெட்டில் தட்டுங்கள். நடுவிரல் ஏன் என்றால், பிக்கை (கம்பியை மீட்டும் சில்லு) கீழே வைக்காமலே தட்டலாம். விரல் நுனி ஃபிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) இருக்கும் பக்கமாக விழ வேண்டும். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் விழுந்தால் சுரம் மழுங்கும்.

இனிதான் முக்கியமான இடம். விரலை நேராக மேலே தூக்காதீர்கள். தூக்கினால் அடுத்த சுரம் செத்துப்போகும். கம்பியைத் தரைப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துச் சுண்டி விடுங்கள். அந்தச் சுண்டல்தான் 5-ஆம் ஃபிரெட்டின் சுரத்தை மீட்டுகிறது. உடனே சுண்டுவிரலை 8-இல் இறக்குங்கள். 12, 5, 8: இது ஈ மைனர். தட்டும் விரலை மட்டும் 13-க்கு நகர்த்தினால் சி மேஜர். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்து, அதன் ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் மூன்று சுரம் வாசியுங்கள். மூன்றும் ஒரே அளவில் கேட்கும்வரை வேகத்தைத் தொடவே வேண்டாம். வழக்கமாகத் தேய்வது 8-ஆம் ஃபிரெட்டின் சுரம், ஏனென்றால் அதை இறக்குவது பலவீனமான சுண்டுவிரல்.

வேண்டாத கம்பிகள் சேர்ந்து முனகினால், தடித்த கம்பிகளின் மேல் வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்த்து வையுங்கள். முதல் கம்பியை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் தொட்டு அடக்கும். நட்டுக்கு அருகே துணி கட்டுவதும் உண்டு, ஆனால் அப்புறம் திறந்த கம்பிகளை வாசிக்க முடியாது.

இது கைவந்ததும், மணிபோல் ஒலிக்கும் மேல்சுரத்தை எழுப்பும் ஹார்மானிக் டேப்பிங் எளிது. இடது கை அழுத்தும் இடத்திலிருந்து சரியாக 12 ஃபிரெட் தள்ளி, இம்முறை ஃபிரெட் கம்பியின் நேர் மேலே தட்டி, சூடான கல்லைத் தொட்டதுபோல் விரலை எடுத்துவிடுங்கள். ஒரு நொடி தங்கினாலும் மணியோசை அடங்கிவிடும். கட்அவே (கழுத்தை ஒட்டி உடலில் உள்ள வெட்டு) இல்லாத கிதாரில் கழுத்து பெரும்பாலும் 14-ஆம் ஃபிரெட்டில் உடலோடு சேர்வதால், இடது கையை 3-ஆம் ஃபிரெட்டுக்குள் வைத்துப் பழகுவது வசதி.

விரல் நுனி எரியத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்துங்கள். 10 நிமிடம் வீதம் தினமும் போதும்.